மூவருக்கும் சர்க்கரை, அம்மாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு உதவி?

வாசகி கேள்வி:

நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது, 27 ஆண்டுகளாகச் சர்க்கரை. கீழ்வீட்டு மலாய்க்கார மக்சிக்குக்கும் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் கிட்டத்தட்ட அதே வயது, அதே நோய். ஆன்ட்டிக்கு மட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. முன்பெல்லாம் மூவரும் புளோக் அடித்தளத்தில் உட்கார்ந்து சந்தை மலாயில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள். இன்றும் ஆன்ட்டி தள்ளுவண்டியோடு தனியாக ஈரச்சந்தைக்குப் போய் வருகிறார். மக்சிக்குக்குப் போன ஆண்டு வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். அம்மா குளிக்கும்போது நான் கூட நிற்கிறேன். புடவை நான்தான் கட்டிவிடுகிறேன், இன்சுலினும் நான்தான் போடுகிறேன். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அடுப்படிக்கு விடுவதில்லை. இப்போதெல்லாம் சாப்பாடும் குறைந்துவிட்டது. சில நாள் விடியற்காலையில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், வயதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மருந்தகத்தில் ஒரு தாதி, "இந்தியர்களுக்கு இது சகஜம்" என்றார். உண்மையிலேயே இது இனத்தோடு வருவதா? பணிப்பெண் வைத்துவிடு என்கிறார் அண்ணன். எனக்கு 51 வயது. எனக்கும் இதேதானா?

— பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். விடியற்காலையில் அம்மா சம்பந்தமில்லாமல் பேசுவது. அதற்கு வயதைக் காரணம் சொல்லிவிடாதீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர், சாப்பாடு குறைந்தவர், நேரம் விடியற்காலை. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் சர்க்கரை இறங்குவதுதான். இளையவர்களுக்கு வேர்க்கும், கை நடுங்கும். முதியவர்கள் பலருக்கு அந்த எச்சரிக்கை வராது, நேராகக் குழப்பம்தான் வரும். அதை மறதி நோய் என்று நினைத்துப் பல மாதம் ஓட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை அப்படிப் பேசினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 4.0 mmol/L-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்கும் நிலையில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். எண் சரியாக இருந்தாலும்கூட இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். "அம்மா சாப்பிடுவது குறைந்துவிட்டது, இன்சுலின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், அதையும் அவர் பார்ப்பார். உதவி தேவைப்படும் நிலையில் உள்ள முதியவர்களுக்குச் சர்க்கரை இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பது வழக்கம்தான். நீங்களாக இன்சுலினைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

சரி, இப்போது இனம்.

தாதி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2010-ல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயதுவரை உள்ள சிங்கப்பூரர்களில் நீரிழிவு உள்ளவர்கள் இந்தியர்களில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016-ல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தபோது இப்படிப்பட்ட எண்கள்தான் எல்லார் மனத்திலும் இருந்தன. மலாய்க்காரர்களைப் பொறுத்தவரை, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் அவர்களின் பங்கு மக்கள்தொகையில் உள்ள பங்கைவிட அதிகம்.

ஆனால் இந்த எண்கள் யாருக்கு நோய் அதிகம் வருகிறது என்பதைத்தான் சொல்கின்றன. உங்கள் அம்மாவால் ஏன் தனியாகக் குளிக்க முடியவில்லை என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. அடையாள அட்டையில் இருக்கும் 'இந்தியர்' என்ற ஒரே சொல்லுக்குள் தமிழர், மலையாளி, சீக்கியர், சிந்தி எல்லாரும் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் மகளும் துணிக்கடை முதலாளியின் மகளும் அதே சொல்லில்தான் இருக்கிறார்கள்.

நான் முதலில் கேட்பது நோயின் வயதைத்தான். மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் சர்க்கரைக்கு 27 வயது. ஆன்ட்டிக்கு வேலையை விட்ட பிறகுதான் வந்தது என்றால், அவருடைய சர்க்கரைக்கு அவ்வளவு வயது ஆகியிருக்காது. கால் நரம்பு மரத்துப்போவதும் கண்ணின் விழித்திரை கெடுவதும் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கைப் பொறுத்தவை. தெற்காசியர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும், அவ்வளவாகப் பருமன் இல்லாதபோதும் வருகிறது. ஒல்லியான கை கால், முன்தள்ளிய வயிறு என்ற நம் ஊர் உடல்வாகை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது, தசை குறைவாக இருக்கிறது. வயதானால் தசை எல்லாருக்கும் கரையும், சர்க்கரை அந்தக் கரைச்சலை வேகப்படுத்தும். முதலிலேயே தசைச் சேமிப்பு குறைவாக இருந்தவருக்குக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போவது இப்படித்தான். இனம் உடம்புக்குள் வேலை செய்யும் பங்கு என்று நான் சொல்லக்கூடியது இதுதான்.

மீதி வெளியில் இருக்கிறது. அம்மா என்ன வேலை பார்த்தார், எத்தனை வயதில் நின்றார், முதல் பத்து ஆண்டுகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, அப்போது காசு இருந்ததா, சோற்றைப் பற்றியும் காலைப் பற்றியும் அவருக்குப் புரியும் மொழியில் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்ல, மகள் பாதியை மொழிபெயர்க்க, அம்மா "இனிப்புநீர்தானே" என்று தலையாட்டிவிட்டு வந்த சந்திப்புகள் எத்தனை இருந்திருக்கும்!

அமெரிக்காவில் இதே கேள்வியைக் கறுப்பினத்தவர், வெள்ளையர் என்று பிரித்துப் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அங்கே நீரிழிவு உள்ள கறுப்பின முதியவர்களுக்கு அன்றாட வேலைகளில் உதவி தேவைப்படுவதும் அதிகம், கால் இழப்பதும் அதிகம். ஆனால் படிப்பும் வருமானமும் ஒத்தவர்களை எடுத்து ஒப்பிட்டால் அந்த இடைவெளி சுருங்குகிறது. முழுவதும் மறைந்துவிடுவதில்லை. ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992-ல் இதற்கு 'வெதரிங்' என்று பெயர் வைத்தார். வெயிலும் மழையும் பட்டுப் பாறை தேய்கிற மாதிரி, வறுமையும் அவமதிப்பும் ஆண்டுக்கணக்காகப் பட்டு உடம்பு வயதுக்கு முன்பே தேய்கிறது என்பது அவர் வாதம். சிங்கப்பூரின் கதை வேறு, அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஆனால் "உங்கள் இனத்துக்கு இது சகஜம்" என்று ஒருவர் முடித்துவிட்டால், அதற்குமேல் கேட்க வேண்டிய கேள்விகள் எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஒருவரால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. இதற்கு எங்களிடம் இரண்டு பழைய பட்டியல்கள் உண்டு. 1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கொடுத்தது குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது என்று அடிப்படை வேலைகளைப் பற்றியது. 1969-ல் லாட்டனும் புரோடியும் கொடுத்தது சமையல், கடைக்குப் போவது, மருந்து எடுத்துக்கொள்வது, பணம் கையாள்வது என்று வீட்டை நடத்தும் வேலைகளைப் பற்றியது. இரண்டாவது பட்டியலில் ஒரு வேடிக்கை. ஆண்கள் என்றால் சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது மூன்றையும் கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கம் இருந்தது. அவர்கள் எப்போது செய்தார்கள், இப்போது முடியவில்லை என்று எழுத!

அந்த வேடிக்கைக்குள்தான் உங்கள் வீட்டு விஷயம் இருக்கிறது. 'செய்ய முடியவில்லை' வேறு, 'செய்ய விடுவதில்லை' வேறு. நம் வீடுகளில் இரண்டும் கலந்துபோய்க் கிடக்கின்றன. எதிர்வீட்டு ஆன்ட்டிக்குச் சந்தைக்குப் போக வேறு ஆள் இல்லையோ என்னவோ, போகிறார், அதனாலேயே கால் இன்னும் நடக்கிறது. உங்கள் அம்மாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். அம்மா புடவைக் கொசுவத்தைப் பத்து நிமிடம் தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கிக் கட்டிவிடுகிறீர்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கெடுக்க வருபவர் "உடுத்த உதவி தேவை" என்று எழுதிக்கொண்டு போவார். மறுபக்கம், "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாகக் குளிக்காத முதியவரை "உதவி தேவையில்லை" என்றும் எழுதுவார்கள். இன வேறுபாடு என்று காகிதத்தில் வருவதில் இப்படிப்பட்ட வீட்டு வழக்கமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

பட்டியலில் 'உடுத்துவது' என்று ஒரே சொல்தான். மக்சிக்கின் பாஜு குருங் தலைவழியே மாட்டினால் முடிந்தது. ஆன்ட்டிக்கு ரப்பர் இடுப்புக் காற்சட்டை. உங்கள் அம்மாவோ ஐந்தரை மீட்டர் துணியை நின்றுகொண்டு, குனிந்து, மரத்த விரல்களால் மடித்து, இரண்டு கையாலும் செருக வேண்டும். கைப்பிடியைப் பற்றிக்கொள்ளக் கை மிச்சமில்லை. இதை நோயின் கணக்கில் எழுதுவதா, உடையின் கணக்கில் எழுதுவதா? வீட்டில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, வெளியே போகக் கொசுவம் மடித்துத் தைத்து வைத்த புடவை என்று மாற்றிப் பாருங்கள். தேக்காவில் தைத்துக் கொடுப்பார்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், அது முக்கியம். புடவையை விட மனமில்லை என்றால் கட்டிலில் உட்கார்ந்தபடி கொசுவத்தை அவர் மடிக்கட்டும், செருகுவது மட்டும் நீங்கள்.

கால் விஷயத்திலும் மூவருக்கும் மூன்று விதம். மக்சிக் ஐந்து வேளைத் தொழுகைக்கு முன் கால் கழுவுபவர். மிச்சமிருக்கும் விரலிடுக்குகளை ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்தாவிட்டால் அடுத்த புண் அங்கேதான் வரும். இதை அவர் மகளிடம் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஆபத்து கோவிலில் இருக்கிறது. நண்பகல் வெயிலில் கோவில் வெளிப்பிராகாரக் கல் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அம்மாவின் பாதத்துக்குத் தெரியாது. கொப்புளம் வந்தபின் வீட்டில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிய வரும். காலையிலோ இருட்டியபிறகோ கூட்டிப் போங்கள், காலுறை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். தைப்பூசத்தில் வெறுங்காலோடு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்த காலம் அவருக்கு முடிந்துவிட்டது. இதைச் சொன்னால் என்னிடம் சண்டைக்கு வரும் அம்மாக்கள் உண்டு, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு, மருந்தகத்தில் ஆண்டுக்கொரு முறை பாதப் பரிசோதனை, விழித்திரைப் படம். இரவு படுக்குமுன் பாதத்தின் அடிப்பக்கத்தை நீங்கள் பார்க்க வேண்டும். குளிக்கும்போது வெந்நீரின் சூட்டை அம்மாவின் கால் சொல்லாது, உங்கள் முழங்கை சொல்லட்டும்.

இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடப்பது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது. ஒவ்வொன்றுக்கும் நேராக எழுதுங்கள்: தானே செய்தாரா, நீங்கள் அருகில் நின்றது போதுமா, கைகொடுத்தீர்களா, இல்லை நேரமாகிறது என்று நீங்களே செய்துவிட்டீர்களா? கடைசி வகை எத்தனை வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் ஒரு சின்னச் சோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து முறை முடியவே இல்லையென்றால் அதையும் எழுதிவையுங்கள். இந்தச் சோதனைதான் மருந்தும். கொஞ்சம் பலம் வந்ததும் சோறு வேகும் நேரத்தில் தினமும் செய்யலாம்.

இன்சுலினை முழுவதும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேனாவில் அளவைத் திருப்பிவைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், குத்திக்கொள்வது அம்மாவின் வேலை. அடுப்பு வேண்டாம், சரி. மேசையில் உட்கார்ந்து கீரை ஆயலாம், வெங்காயம் உரிக்கலாம். 27 ஆண்டுச் சர்க்கரையோடு வீட்டுக்குச் சமைத்துப்போட்டவரைத் திடீரென்று கூடத்தில் உட்காரவைத்துவிட்டோம், அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை என்கிறோம்.

குளியலறைதான் அவசரம். வீவக-வின் 'ஈஸ்' திட்டத்தில் கைப்பிடி வைப்பார்கள், தரையை வழுக்காததாக மாற்றித் தருவார்கள், படி இருந்தால் சரிவுப்பாதை போடுவார்கள். 65 வயதான சிங்கப்பூரர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம், செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கும். கைப்பிடி எங்கே வேண்டும் என்று முன்கூட்டியே அம்மாவை நிற்கவைத்துப் பென்சிலால் குறித்துவையுங்கள். வேலைக்கு வருபவர் தம் உயரத்துக்கு வைத்துவிட்டுப் போய்விடுவார்! கூடவே ரப்பர் கால் வைத்த குளியல் நாற்காலி ஒன்று வாங்குங்கள். உட்கார்ந்து குளித்தால் நீங்கள் கதவுக்கு வெளியே நிற்கலாம், அம்மாவுக்கும் மானம் காத்தது போலாகும்.

உதவித்தொகையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்ன அந்த ஆறு வேலைகளை வைத்துத்தான். அம்மா 2002-ல் எல்டர்ஷீல்டு என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி தொடங்கியபோது ஐம்பதுகளில் இருந்திருப்பார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் பாதுகாப்பு இருக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பணம் வர ஆறில் மூன்றை இன்னொருவர் கைபடாமல் செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும். அது இல்லாத, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு எல்டர்ஃபண்ட் என்ற அரசு உதவி உண்டு. வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கும் மூன்று வேலை என்பதே அளவு, ஆனால் ஓரளவு உதவி தேவைப்பட்டாலே கணக்கில் வரும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்குக் குளிப்பது, உடுத்துவது என இரண்டுதான். இன்சுலினும் சமையலும் இந்த ஆறில் இல்லை. இன்றைக்குக் கிடைக்காது என்றே நினைக்கிறேன். பணத்துக்காக மூன்றாவதைச் சேர்த்துச் சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்திருங்கள், நிலைமை மாறினால் தேதியோடு காட்ட உதவும். விவரம் கேட்க ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை அழைக்கலாம், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

பணிப்பெண் விஷயத்தில் அண்ணனிடம், இப்போது வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முதலில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்ல மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள். குளியலறை மாறட்டும், இன்சுலின் அளவு சரியாகட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி யோசியுங்கள். நல்ல மனசோடு வரும் பணிப்பெண்தான் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவார், அம்மா இன்னும் சீக்கிரம் கட்டிலோடு ஆகிவிடுவார். ஆனால் நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா, இரவில் தூங்குகிறீர்களா என்று எழுதவில்லை. உங்களால் முடியவில்லை என்றால் என் மூன்று மாதக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வையுங்கள். அம்மாவின் வயதுக்கு, அரசுக்குக் கட்டும் பணிப்பெண் தீர்வை மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். வருபவரிடம் முதல் நாளே, எதைச் செய்யக் கூடாது என்ற பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். அண்ணனுக்கும் ஏதாவது ஒரு வேலை இருக்கலாம். ஞாயிறு காலை குளியல் முறை, உதாரணமாக.

கடைசியாக நீங்கள். அம்மாவுக்கு 49 வயதில் வந்திருக்கிறது, உங்களுக்கு 51. இனம் என்ற கணக்கு உதவும் இடம் இதுதான், முன்கூட்டியே சோதித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை. வெள்ளையருக்கான 25 வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பக் காலத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவின் அடுத்த மருந்தகச் சந்திப்பு நாளிலேயே உங்கள் இரத்தப் பரிசோதனைக்கும் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே டாக்சிச் செலவில் இருவரும் போய் வரலாம்.